வம்பு பேசும் சக ஊழியர்: விடுவதா, கேட்பதா, புகார் கொடுப்பதா, விலகுவதா?

கூட வேலை செய்யும் ஒருவர் முகத்துக்கு நேரே எரிந்துவிழுகிறார். அந்தப் பக்கம் போனதும் உங்களைப் பற்றி வேறு கதை கட்டிவிடுகிறார். இரண்டும் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் வாசகர்கள் திணறிப்போகிறார்கள். "கண்டுகொள்ளாமல் விட்டுவிடட்டுமா, நேரிலேயே கேட்டுவிடட்டுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். எச்.ஆரிடம் போனால் நமக்கே வினையாக முடியுமோ என்று சிலருக்குப் பயம். ராஜினாமாக் கடிதத்தை எழுதிவைத்துவிட்டு, அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

இதற்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் சொல்பவரின் சுபாவத்தைப் பொறுத்தே இருக்கும். துணிச்சல்காரர் "நறுக்கென்று கேட்டுவிடு" என்பார். பட்டுத் தெளிந்தவர் "வாயைத் திறக்காதே" என்பார். எதிரே இருக்கும் ஆள் எப்படிப்பட்டவர், பரவும் பேச்சு எப்படிப்பட்டது என்று முதலில் விசாரிப்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், முடிவின் பெரும்பகுதி அந்த இரண்டு கேள்விகளுக்குள்தான் இருக்கிறது. உங்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்பது உண்மையான விஷயம்தான். ஆனால் எந்த வழியில் போகவேண்டும் என்பதை அந்த வலியை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

## எல்லாப் பேச்சும் தாக்குதல் இல்லை

எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசுவதெல்லாம் புறம்பேச்சு என்றால், அதைச் செய்யாத மனிதரே கிடையாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த மேகன் ராபின்ஸும் அலெக்ஸாண்டர் கரானும் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் 467 பேர் சிறிய ஒலிப்பதிவுக் கருவியை உடன் வைத்துக்கொண்டு தங்கள் அன்றாட வேலைகளைப் பார்த்தார்கள். விழித்திருக்கும் நேரத்தில் சராசரியாக நாளைக்கு 52 நிமிடம் இப்படிப்பட்ட பேச்சில் கழிந்தது. அதில் ஏறக்குறைய முக்கால்வாசி நல்லதிலும் சேராது, கெட்டதிலும் சேராது. அவருக்கு இடமாற்றம் வந்திருக்கிறது, இவருக்கு உடம்பு சரியில்லை என்கிற மாதிரியான தகவல்தான். மிச்சத்தில் கெட்ட பேச்சு நல்ல பேச்சைவிட அதிகமாக இருந்தது.

கெட்ட பேச்சிலும் பயனுள்ள வகை ஒன்று உண்டு. மேத்யூ ஃபைன்பெர்க், ராப் வில்லர் குழுவினர் 2012இல் வெளியிட்ட பரிசோதனையில், விளையாட்டில் ஒருவர் ஏமாற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதயத் துடிப்பு ஏறியது. அடுத்து அந்த ஆளோடு ஆடப்போகிறவருக்கு எச்சரிக்கைக் குறிப்பு அனுப்ப வாய்ப்புக் கிடைத்ததும் படபடப்பு தணிந்தது. "அவரிடம் வேலை கொடுத்தால் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது இந்த வகைதான். அந்த 'அவர்' நீங்களாக இருந்தால் கசக்கும். ஆனால் சொன்னது உண்மையென்றால், சரிசெய்ய வேண்டியது உங்கள் தேதிகளைத்தான். கீழே வரும் ஐந்து வழிகளில் எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

சரி, உங்கள் விஷயம் அப்படிப்பட்டதில்லை, பேச்சு பொய் அல்லது வேண்டுமென்றே இழிவுபடுத்துவது என்று வைத்துக்கொள்வோம். வழிகளை எடைபோடுவதற்கு முன் எதை வைத்து எடைபோடுவது என்று பார்க்கலாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

ஆள்: சட்டென்று வெடிப்பவரா, கணக்குப் போட்டுச் செய்பவரா? ஆக்ரோஷத்தை உளவியலாளர்கள் இரண்டு வகையாகப் பார்க்கிறார்கள். சீண்டப்பட்டதாக நினைத்துக் கொதித்தெழுவது ஒன்று. எதையோ அடைவதற்காகத் திட்டமிட்டுச் செய்வது இன்னொன்று.

முதல் வகை ஆளுக்கு உலகமே தன்னைச் சீண்டுவதாகத் தோன்றும். தற்செயலா வேண்டுமென்றா என்று தெளிவில்லாத ஒரு செயலை, ஆக்ரோஷமான சிறுவர்கள் வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொள்வது அதிகம் என்று கென்னத் டாட்ஜ் 1980இல் காட்டினார். பெரியவர்களிடமும் இந்தச் சாய்வு உண்டு. மின்னஞ்சலுக்கு நீங்கள் மாலைவரை பதில் போடாவிட்டால், "வேலை இருந்திருக்கும்" என்று அவருக்குத் தோன்றாது, "என்னை மதிக்கவில்லை" என்றே தோன்றும். அவர் உங்களைப் பற்றி வெளியே பேசுவதும் அந்தக் கொதிப்பின் தொடர்ச்சியாகத்தான் இருக்கும்.

இரண்டாம் வகை ஆளைப் புரிந்துகொள்ள கை பியோர்க்விஸ்ட்டும் அவருடைய சகாக்களும் 1994இல் எழுதியது உதவும். தாக்க நினைப்பவர், எதிராளிக்கு எவ்வளவு சேதம், தனக்கு எவ்வளவு ஆபத்து என்று மனதுக்குள் ஒரு விகிதம் போட்டுப் பார்க்கிறார் என்பது அவர்களுடைய வாதம். வேலையிடத்தில் அடிதடியில் இறங்குவது ஆபத்து. அதனால் தாக்குதல் வேடம் மாறுகிறது. பேசும்போது குறுக்கிடுவது, வேலையை நியாயமில்லாமல் எடைபோடுவது, பேசவே வாய்ப்புக் கொடுக்காமல் இருப்பது, இதெல்லாம் வெளியே நியாயமாகவே தெரியும். புறணிக்கு அதைவிட வசதி அதிகம். சேதம் பெரிது, யார் தொடங்கியது என்று கண்டுபிடிப்பதோ கடினம்.

இருவரையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த சுலபமான சோதனை, அவர் தனக்கு மேலே இருப்பவரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்ப்பது. வெடிப்பவர் இயக்குநர் முன்னாலும் வெடித்துத் தன் பெயரைக் கெடுத்துக்கொள்வார். கணக்குப் போடுபவரின் குரல் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டும் கலந்த பிறவிகளும் உண்டு, இருந்தாலும் எந்தப் பக்கம் தூக்கல் என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்டவர்கள்தான் மேலே போகிறார்கள், நாம் அப்படியே நிற்கிறோம் என்று ஒரு புலம்பல் பொதுவாக உண்டு. கேமரன் ஆண்டர்சனும் சகாக்களும் சிலரின் குணத்தை மாணவப் பருவத்தில் அளந்துவைத்து, சுமார் 14 ஆண்டுகள் கழித்து அவர்கள் வேலையில் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 2020இல் வெளியான முடிவு: சண்டைக்காரர்களும் சுயநலக்காரர்களும் அதிகாரத்துக்கு வருவதில் மற்றவர்களைவிட முந்தவில்லை. மிரட்டிப் பெற்ற லாபத்தைக் கெட்டுப்போன உறவுகள் தின்றுவிட்டன. பின்தங்கவும் இல்லை என்பதையும் சொல்லியாகவேண்டும்.

பேச்சு: எதைப் பற்றியது? கார்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மனும் 1947இல் வதந்திக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். விஷயம் கேட்பவருக்கு எவ்வளவு முக்கியம், எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறது என்ற இரண்டையும் பெருக்கினால் வருவதே வதந்தியின் வீச்சு. இரண்டில் ஒன்று பூஜ்ஜியமானால் வதந்தியும் பூஜ்ஜியம். வேலையைப் பற்றிய பொய்க்கு ("அந்த அறிக்கையை அவர் எழுதவே இல்லை") தெளிவைக் கொடுத்துவிட்டால் போதும், அது அங்கேயே நின்றுவிடும். குணத்தைப் பற்றிய பேச்சுக்கு ("ஒரே தலைக்கனம்") எந்த ஆவணத்தைக் காட்டுவீர்கள்? சொந்த வாழ்க்கையைப் பற்றியது என்றால், அது உண்மையா பொய்யா என்பதே அங்கே கேள்வி இல்லை. அது அலுவலகத்தின் சொத்து அல்ல, அவ்வளவுதான்.

மற்ற மூன்றும் சுருக்கமாக. அவருக்கு உங்கள்மேல் அதிகாரம் இருக்கிறதா? எழுத்தில் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா? எடுத்த அடியைத் திரும்ப எடுக்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு நான் கூடுதல் எடை கொடுப்பேன். கோபத்தில் இருக்கும்போது நம் கண்ணில் முதலில் படுவது திரும்ப முடியாத வழிகள்தான்.

## வழி 1: கண்டுகொள்ளாமல் விடுவது

இதைக் கோழைத்தனம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மறுத்துப் பேசுவதே சில சமயம் எண்ணெய் ஊற்றும். டேனியல் வெக்னரும் சகாக்களும் 1981இல் வேட்பாளர்களைப் பற்றிய செய்தித் தலைப்புகளை வைத்துச் சோதித்தார்கள். இன்ன குற்றத்தோடு இவருக்குத் தொடர்பா என்று வெறும் கேள்வியாகப் போட்டாலே, குற்றம் சாட்டிய தலைப்புக்கு ஏறக்குறைய இணையாகப் பெயர் கெட்டது. தொடர்பில்லை என்று மறுத்த தலைப்புகூட அந்த ஆளின் மதிப்பைக் கொஞ்சம் இறக்கியது. நாலு பேருக்குத் தெரிந்த பொய்யை மறுத்து நாற்பது பேருக்கு மின்னஞ்சல் அனுப்புபவர் தனக்குத்தானே இதைத்தான் செய்துகொள்கிறார்.

வெடிக்கும் வகை ஆள், முதல் தடவை, பேச்சு இரண்டு மூன்று பேரைத் தாண்டவில்லை, இன்னும் இரண்டு மாதத்தில் அந்த ஆளோடு வேலையே முடிந்துவிடும் என்றால் விட்டுவிடுவதே நல்லது. எதிர்வினை கிடைக்காத இடத்தில் அவருடைய கொதிப்பு தானாக அடங்கும்.

மறைமுகச் செலவு இரண்டு. திரும்பத் திரும்பக் கேட்ட கூற்று உண்மை மாதிரியே தோன்றத் தொடங்கும் என்று லின் ஹாஷரும் சகாக்களும் 1977இல் காட்டினார்கள். ஒரே பொய் மாதக்கணக்கில் சுற்றினால், உங்களை நேரில் அறியாதவர்களிடம் அது தகவலாகிவிடும். இன்னொரு செலவு உங்கள் தலைக்குள் நடப்பது. கிறிஸ்டின் போரத்தும் கிறிஸ்டின் பியர்சனும் 17 துறைகளைச் சேர்ந்த 800 மேலாளர்களிடமும் ஊழியர்களிடமும் கேட்டு 2013இல் எழுதியதன்படி, மரியாதையில்லாமல் நடத்தப்பட்டவர்களில் 80 சதவீதம் பேர் அதை நினைத்துக் கவலைப்பட்டே வேலை நேரத்தை இழந்திருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு ராத்திரியெல்லாம் மனதுக்குள் அந்தக் காட்சியை ஓட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் விடவில்லை, அடக்கி வைத்திருக்கிறீர்கள்.

கணக்குப் போடும் ஆளிடம் இந்த வழி செல்லாது. உங்கள் மௌனம் அவருடைய கணக்கில் 'ஆபத்து குறைவு' என்று பதிவாகும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்ப்பார்.

எப்படியானாலும், என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் இருந்தார்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். அலுவலகக் கணினியில் வேண்டாம், உங்கள் சொந்த நோட்டில். விடுவதாகவே முடிவெடுத்திருந்தாலும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து வேறு முடிவு எடுக்க நேர்ந்தால், நினைவிலிருந்து சொல்வதற்கும் தேதியோடு சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் அப்போது தெரியும்.

## வழி 2: நேரில் பேசுவது

ஒழுங்காகச் செய்தால் ஐந்தில் அதிகப் பலன் தருவது இதுதான் என்று நினைக்கிறேன். ஒழுங்காகச் செய்யாவிட்டால் அதிகம் கெடுப்பதும் இதுதான்.

முதலில், உங்கள் காதுக்கு வந்ததும் அவர் வாயிலிருந்து வந்ததும் ஒன்றுதானா? ஆல்போர்ட்டும் போஸ்ட்மனும் ஒரு படத்தின் விவரத்தை ஒருவர் மற்றொருவருக்குச் சொல்ல, அவர் இன்னொருவருக்குச் சொல்ல என்று கடத்திப் பார்த்தார்கள். ஐந்தாறு வாய் மாறுவதற்குள் விவரங்களில் சுமார் 70 சதவீதம் உதிர்ந்துபோனது. மிஞ்சியவை கூர்மையாகின, கேட்டவரின் எதிர்பார்ப்புக்கு ஏற்ப உருவம் மாறின. "இந்த வாரம் அவர் கொஞ்சம் மெதுவாக இருக்கிறார்" என்று கிளம்பியது "அவருக்கு வேலையே தெரியாது" என்று உங்களிடம் வந்து சேர்ந்திருக்கலாம். அதனால் தீர்ப்போடு போகாமல் கேள்வியோடு போங்கள்:

"மாதாந்திர அறிக்கையில் என் பங்கு எதுவும் இல்லை என்று ஒரு பேச்சு என் காதுக்கு வந்தது. நீங்கள் அப்படிச் சொன்னீர்களா என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒரு எண்ணம் இருந்தால் என்னிடமே கேளுங்கள், வரைவுகள் எல்லாம் இருக்கின்றன."

இதில் அவருடைய குணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. யார் சொன்னார் என்று கேட்டால், "அது முக்கியமில்லை, விஷயத்தைப் பேசுவோம்" என்பதோடு நிறுத்துங்கள். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால், உங்களை நம்பிச் சொன்னவரை மாட்டிவிட்டதாகும். அப்புறம் யாரும் உங்களிடம் எதையும் சொல்லமாட்டார்கள். இந்த வழியின் முதல் மறைமுகச் செலவு அதுதான். இரண்டாவது, நீங்கள் பேசிய வார்த்தைகளே அடுத்த வம்புக்குத் தீனியாகலாம்: "என்னிடம் வந்து சண்டை போட்டார் தெரியுமா." அதனால் வெளியே யாராவது திருப்பிச் சொன்னாலும் உங்களுக்குக் கூச்சம் தராத வாக்கியங்களை மட்டும் பேசுங்கள்.

ஆளைப் பொறுத்து முறையும் மாறும். வெடிப்பவரிடம், அவர் கொதித்துக்கொண்டிருக்கும்போது எதுவும் பேசாதீர்கள். ஆறிய பிறகு, தனியாக, அவருக்கு முகம் போகாதபடி பேசினால், பலர் அசடு வழிந்து இறங்கி வருவார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே தாங்கள் என்ன சொன்னோம் என்பது பாதி நினைவிருக்காது. கணக்குப் போடுபவர் மனம் மாறுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவரிடம் பேசுவதன் நோக்கமே வேறு. இது உங்கள் கவனத்துக்கு வந்துவிட்டது, இனி செய்தால் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு என்று அவருக்குத் தெரிந்தால் போதும். அவருடைய விகிதத்தில் ஆபத்துப் பக்கம் ஏறும். பேசி முடித்ததும், "இன்று பேசியபடி, அறிக்கை சம்பந்தமான சந்தேகங்களை நேரடியாக என்னிடம் கேட்பதாக முடிவு செய்தோம்" என்று இரண்டு வரி மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். ஒருமுறை பேசினால் போதும். இரண்டாவது முறை போனால், நீங்கள் கெஞ்ச வந்திருப்பதாக எடுத்துக்கொள்வார்.

பேசவே கூடாத இடங்களும் உண்டு. மிரட்டல் இருந்தால், உடல்ரீதியான பயம் இருந்தால், பேச்சு பாலியல் தொடர்பானதாக இருந்தால், நேரே நான்காம் வழிக்குப் போய்விடுங்கள்.

## வழி 3: மற்றவர்களிடம் சொல்வது

பெரும்பாலோர் யோசிக்காமலே செய்வது இதைத்தான். யோசிக்காமல் செய்வதால் இதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதே தெரிவதில்லை.

ஈர்ப்பு புரிகிறது. ஒரே ஆளைப் பிடிக்காத இருவர் வேகமாக நெருங்கிவிடுவார்கள் என்று ஜெனிஃபர் பாசனும் சகாக்களும் 2006இல் காட்டியிருக்கிறார்கள். "உனக்கும் அப்படித்தானா!" என்ற ஒரு வாக்கியத்தில் தனிமை போய்விடுகிறது. சொல்லி முடித்ததும் மனம் லேசானது மாதிரியும் இருக்கும்.

அந்த லேசு நிலைக்குமா? பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட பரிசோதனையில், கோபப்படுத்திய ஆளை நினைத்துக்கொண்டே குத்துமூட்டையில் குத்தியவர்களுக்குக் கோபம் இன்னும் ஏறியது. எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். குத்துமூட்டையும் புலம்பலும் ஒன்றல்ல என்பது சரிதான். ஆனால் அந்த ஆளையே நினைத்து நினைத்து வெளியேற்றுவது கோபத்தைக் கரைக்காது என்ற பகுதி இரண்டுக்கும் பொது.

பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஜான் ஸ்கவ்ரான்ஸ்கியும் சகாக்களும் 1998இல் கண்டது இது: ஒருவர் மற்றவரைப் பற்றி விவரிக்கும் குணம், கேட்பவர் மனதில் விவரித்தவர்மேலேயே ஒட்டிக்கொள்கிறது. "அவன் ஒரு வஞ்சகன்" என்று நீங்கள் பத்துப் பேரிடம் சொன்னால், வஞ்சகம் என்ற சொல்லோடு உங்கள் முகமும் அவர்களுக்கு நினைவு வரும். தர்க்கமே இல்லாத இணைப்புதான், ஆனாலும் நடக்கிறது. இதோடு, பின்னால் புகார் கொடுக்கப் போகும்போது, "இவரும்தானே அவரைப் பற்றி எல்லோரிடமும் பேசினார்" என்று ஒருவர் சொன்னால் போதும், விஷயம் இரண்டு பேருக்கு இடையிலான சண்டை என்று முடித்துவைக்கப்படும். கணக்குப் போடுபவர் காத்திருப்பதே அதற்குத்தான்.

ஆனால் இதே வழியில் நல்ல வடிவம் ஒன்று இருக்கிறது. ஆறுதல் தேடுவதும் ஆள் சேர்ப்பதும் வேறு வேறு. உங்கள் அணிக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம், வீட்டில் ஒருவரிடம், முடிந்தால் மனநல ஆலோசகரிடம் சொல்வது ஆறுதல். அதைத் தவிர்க்கவே கூடாது.

பேச்சு நடக்கும் இடத்தில் இருக்கும் நண்பரிடம் நீங்கள் கேட்கக்கூடிய உதவியும் ஒன்றுண்டு. டோனா ஈடரும் ஜேனட் லின் என்கேயும் 1991இல் பதின்வயதினரின் வம்புப் பேச்சுகளைப் பதிவுசெய்து அலசினார்கள். ஒருவர் குறை சொன்னதும், அடுத்துப் பேசுபவர் ஒத்து ஊதினால் அப்புறம் யாரும் எதிர்ப்பதில்லை. அடுத்துப் பேசுபவரே "எனக்கு அப்படித் தெரியவில்லையே" என்றால் பேச்சு திசை மாறிவிடுகிறது. எல்லாம் அந்த இரண்டாவது ஆளின் கையில். "எனக்காக அவரோடு சண்டை போடு" என்று நண்பரிடம் கேட்காதீர்கள். "அப்படி ஒரு பேச்சு வந்தால், உனக்குத் தெரிந்த உண்மையை முதலிலேயே சொல்லிவிடு" என்று கேளுங்கள். சிறிய உதவிதான், அவருக்கும் பெரிய ஆபத்தில்லை.

## வழி 4: மேலாளரிடமோ எச்.ஆரிடமோ புகார்

இங்கே ஒரு மாயையை முதலில் களையவேண்டும். எச்.ஆர். உங்கள் வக்கீல் அல்ல, உங்கள் எதிரியும் அல்ல. நிறுவனத்துக்கு வரக்கூடிய சேதத்தைக் குறைப்பது அந்தப் பிரிவின் வேலை. அதனால் அவர்களுக்குப் புரியும் மொழியில் பேசவேண்டும். "அவர் மோசமானவர்" என்பது அவர்களுக்குப் புரியாத மொழி. "இந்த மூன்று தேதிகளில், இந்தச் சொற்களில், இவர்கள் முன்னிலையில், அதனால் இந்த வேலை இத்தனை நாள் தள்ளிப்போனது" என்பது புரிகிற மொழி. மைக்கேல் ஹௌஸ்மனும் டிலன் மைனரும் 2015இல் 11 நிறுவனங்களின் 50,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் தரவுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். முதல் ஒரு சதவீதத்தில் வரும் ஓர் அபாரத் திறமைசாலியைச் சேர்ப்பதால் வரும் லாபத்தைவிட, நச்சுத்தனமான ஓர் ஊழியரைத் தவிர்ப்பதால் மிச்சமாவது இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் அலுவலகத்தில் "அவர் கொஞ்சம் முரடு, ஆனால் வேலைக்காரர்" என்று சாக்குச் சொல்கிறார்களா? இந்தக் கணக்கு நினைவிருக்கட்டும்.

எது வெறும் உரசல், எது துன்புறுத்தல்? சுவீடனில் பணியிடக் கும்பல் தொல்லையை ஆராய்ந்த ஹைன்ஸ் லேமன், வாரத்துக்கு ஒருமுறையாவது, குறைந்தது ஆறு மாதம் தொடர்வதை அளவுகோலாக வைத்தார். அவர் பட்டியலிட்ட 45 செயல்களில் முதுகுக்குப் பின்னால் பேசுவதும் வதந்தி பரப்புவதும் அடக்கம். அதற்காக ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றி 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்த 190ஆம் உடன்படிக்கை, ஒரே ஒரு தடவை நடந்தாலும் வன்முறை அல்லது துன்புறுத்தலாகக் கருதலாம் என்கிறது. மனரீதியான தீங்கையும் அது சேர்த்துக்கொள்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, எனவே உங்கள் நிறுவனத்தின் எழுத்துபூர்வமான நடத்தை விதிகளைப் படித்துவிட்டு, அதில் இருக்கும் சொற்களையே புகாரில் பயன்படுத்துங்கள்.

மறைமுகச் செலவுகள்: ரகசியம் முழுதாகக் காக்கப்படாது, ஏனென்றால் விசாரிக்க நாலு பேரிடம் கேட்டாகவேண்டும். மெதுவாக நகரும். எதிர்ப்புகார் வரலாம். இன்னொன்று, முடிவு என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்லாமலே போகலாம். புகாரின் கடைசியில் நீங்கள் கேட்பது என்ன என்று ஒரே வரியில் எழுதாவிட்டால் (இருக்கை மாற்றமா, அணி மாற்றமா, எழுத்துபூர்வ எச்சரிக்கையா) "பேசிவிட்டோம், இனி சரியாகிவிடும்" என்பதோடு அனுப்பிவைப்பார்கள்.

## வழி 5: விலகுவது

இதில் இரண்டு படி உண்டு. அதே நிறுவனத்தில் வேறு அணிக்குப் போவது, வேலையையே விடுவது. முதலாவதைப் பலர் யோசிப்பதே இல்லை, "அவனுக்காக நான் ஏன் இடம் மாறணும்" என்ற ரோஷம் தடுத்துவிடுகிறது. ரோஷம் நியாயமானதுதான். ஆனால் கேள்வி யார் தோற்றார் என்பதல்ல.

போரத்தும் பியர்சனும் கேட்டவர்களில் 12 சதவீதம் பேர் இப்படிப்பட்ட நடத்தையால் வேலையை விட்டதாகச் சொன்னார்கள். 48 சதவீதம் பேர் வேலையில் காட்டும் முயற்சியை வேண்டுமென்றே குறைத்துக்கொண்டார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது இந்த நிலைக்குத்தான். உடம்பு அங்கே, மனம் எப்போதோ போயாயிற்று. அந்த நிலையில் கிடப்பதைவிட விலகுவது மலிவு.

மறைமுகச் செலவு: நீங்கள் போன பிறகு நடந்ததை அவர் தன் இஷ்டத்துக்குச் சொல்வார், மறுக்க நீங்கள் இருக்கமாட்டீர்கள். எனவே கையில் வேறு வேலை வரும்வரை அறிவிக்காதீர்கள். போகும் முன் உங்கள் வேலையை அறிந்த இருவரிடமாவது பரிந்துரைக்குச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியேறும் நேர்காணலில் ஆத்திரத்தைக் கொட்டாதீர்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | யாரிடம் பலிக்கும் | எந்தப் பேச்சுக்கு | மறைமுகச் செலவு | திரும்ப முடியுமா |
|---|---|---|---|---|
| கண்டுகொள்ளாமல் விடுவது | வெடிப்பவர் | சில்லறை, முதல் தடவை | மனதுக்குள் ஓடும் படம். பொய் பழகிப்போவது | எப்போது வேண்டுமானாலும் |
| நேரில் பேசுவது | வெடிப்பவர் நன்றாக. கணக்குப் போடுபவர் ஓரளவு | வேலை பற்றிய பொய் | சொன்னவர் மாட்டுவது. புது வம்பு | பாதி |
| மற்றவர்களிடம் சொல்வது | இருவரிடமும் சந்தேகம்தான் | குணம் பற்றியது (நண்பர் முதலில் மறுத்தால்) | உங்கள் பெயரும் கெடுவது. புகாரின் வலு குறைவது | முடியாது |
| புகார் | கணக்குப் போடுபவர் | சொந்த வாழ்க்கை, மிரட்டல், தொடரும் பொய் | தாமதம், எதிர்ப்புகார், ரகசியம் கசிவது | கடினம் |
| விலகுவது | எல்லோரிடமும் | எல்லாவற்றுக்கும் | பின்னால் விட்டுவரும் கதை. வருமான இடைவெளி | அணி மாற்றம் என்றால் ஓரளவு |

நானாக இருந்தால், வெடிக்கும் ஆளிடம் முதல், இரண்டாம் வழிகளோடு நிறுத்திக்கொள்வேன். கணக்குப் போடும் ஆளிடம் குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டே ஒருமுறை பேசுவேன், அடுத்த முறை நடந்தால் நேராகப் புகார். மூன்றாம் வழியை அதன் நல்ல வடிவத்தில் மட்டும், ஆரம்பத்திலிருந்தே எல்லாவற்றோடும் சேர்த்து வைத்துக்கொள்வேன்.

## மேலாளரே அந்த ஆளாக இருந்தால்

மேலே சொன்ன வரிசை இங்கே கலைந்துவிடும். உங்கள் மதிப்பீடும் விடுப்பும் அவர் கையில் இருக்கும்போது, நேரில் பேசுவது வெடிப்பவரிடம் மட்டுமே, அதுவும் வேலையைப் பற்றிய கேள்வியாக மட்டுமே செல்லும்: "இந்தப் பணியில் என்ன குறை என்று சொன்னால் திருத்திக்கொள்கிறேன்." கணக்குப் போடும் மேலாளரிடம் அதையும் தவிர்ப்பேன்.

தனியாகப் புகார் கொடுப்பதைவிட, அதே அனுபவம் உள்ள இன்னும் இருவர் தனித்தனியாக, அவரவர் தேதிகளோடு கொடுப்பது கனமாக இருக்கும். எல்லோரும் ஒரே வாசகத்தில் எழுதினால் சதி என்று சொல்லிவிடுவார்கள், அதனால் எழுதுவதை மட்டும் அவரவர் பார்த்துக்கொள்ளவேண்டும். அவருக்கு மேலே இருப்பவர் அவரைக் கொண்டுவந்தவரா, அவரோடு மோதல் உள்ளவரா என்று தெரிந்துகொள்ளாமல் அந்தக் கதவைத் தட்டாதீர்கள். மேலிடம் அவரைக் காக்கும் என்பது தெளிவானால், புகாருக்குச் செலவிடும் சக்தியை வேறு அணியிலோ வேறு நிறுவனத்திலோ இடம் தேடுவதில் போடுங்கள். தேடல் முடியும்வரை குறிப்பு நோட்டை நிறுத்தாதீர்கள். கடைசி மாதச் சம்பளம், அனுபவச் சான்றிதழ் என்று ஏதாவது இழுபறி வந்தால் அப்போது கேட்கப்படுவது தேதிகள்தான்.